கார்வெல் கிளைக்குப் பத்துப் பெயர்

ஹால்ஸ்டெட், நெப்ராஸ்கா
நவம்பர் 16

மைலோ,

மின்னஞ்சல் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். கல்லூரிக் கணக்கிலிருந்து நான் எழுதும் எந்த வரியையும் ஊர்ப் பத்திரிகைக்காரர் கேட்டால் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். சட்டம் அப்படி. ஒரு சமுதாயக் கல்லூரியின் தலைவர் கூடப்பிறந்த தம்பியைத் திட்டுவதற்குக்கூட தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஆட்சிக்குழுக் கூட்டத்தில் நீ செய்ததைப் பற்றித்தான். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். மேடையில் இருப்பவர்கள் பதில் பேசக் கூடாது. அது தெரிந்துதானே ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாய்? எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு ஒலிபெருக்கி முன்னால் நின்றாய்.

"எங்கக்கா இருபத்தொம்போது வயசுல, புருஷன் விட்டுட்டுப் போன கையோட, ரெண்டு பிள்ளைங்கள பக்கத்து வீட்டுல விட்டுட்டு, கார்வெல் கிளையிலதான் மொத வகுப்புக்கு உக்காந்தா. இப்ப அந்தக் கதவுக்கே பூட்டுப் போடணும்ங்கறா."

கூட்டம் கை தட்டியது. குழுத் தலைவர் கேலார்ட் ஸ்டிட்ஸ் என் பக்கம் சாய்ந்து, "உங்க தம்பியா அது? நல்லாப் பேசறாரே, அடுத்த தேர்தல்ல நிக்கச் சொல்லுங்க" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

நீ சொன்னது பொய்யில்லை. அந்தக் கிளையில்தான் தொடங்கினேன். பிறகு கணக்குப் பாடத்துக்கு உதவியாள், சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தர், ஆங்கில ஆசிரியை, துறைத் தலைவர், இந்த எட்டு வருடமாகக் கல்லூரித் தலைவர். இந்தக் கல்லூரியில் நான் உட்காராத நாற்காலி பழுதுபார்ப்பவருடையது மட்டும்தான். அதனால் கார்வெல் கிளை எனக்கு என்ன என்று நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். மாநிலம் தரும் பணத்தைக் குறைத்துவிட்டது. அந்தக் கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது. பருவத்துக்குப் பருவம் வகுப்பு அறிவிக்கிறோம். பெயர் கொடுக்க ஆளில்லை. மார்ச் கூட்டத்தில் அதை மூடப் பரிந்துரைக்கத்தான் போகிறேன். அதே கூட்டத்தில்தான் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்றும் முடிவு செய்வார்கள். இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

அடுத்த வாரம் குடும்பம் கூடும் நன்றி நாள் விருந்துக்கு நான் வரவில்லை. வான்கோழியை நீயே அறுத்துக்கொள்.

லியோனா


கார்வெல்
நவம்பர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வான்கோழி காய்ந்துபோய்விட்டது. நீ இருந்திருந்தால் அரை மணி முன்பே அடுப்பிலிருந்து எடுக்கச் சொல்லியிருப்பாய்.

உன்னை அவமானப்படுத்த நான் வரவில்லை. கூட்டத்துக்கு முன்பு உன் அலுவலகத்துக்கு மூன்று தடவை தொலைபேசியில் பேசினேன். "தலைவர் கூட்டத்துல இருக்காங்க, வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றாள் அந்தப் பெண். தம்பி என்றும் சொன்னேன். "எழுதி வெச்சுக்கறேன் சார்" என்றாள். சரி, மூன்று நிமிடம் இலவசமாகக் கிடைக்கிற இடத்துக்கே போவோம் என்று வந்துவிட்டேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், கோபப்படாதே. நான் பாடம் எடுத்த ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வகுப்பறையில் வெப்பமானியை மாட்டி ஒரு மாதம் அளவெடுக்கச் சொன்னேன். பனி கொட்டும் ஜனவரி மாதம் முழுவதும் எங்கள் ஊரில் கடும் வெயில் என்று அழகாக வரைபடம் போட்டுக் கொண்டுவந்தாள். கருவி சரி, அவள் படித்த எண்ணும் சரி, கையெழுத்தும் சரி. சூடேற்றும் குழாய்க்கு நேர் மேலே மாட்டியிருந்தாள், அவ்வளவுதான்.

கார்வெலில் ஆளில்லை என்கிறாய். எங்கே மாட்டி அளந்தாய் என்றுதான் கேட்கிறேன். இந்த ஊர் இறைச்சி ஆலையில் மட்டும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! பாதிப் பேர் அங்கிருந்து எப்படியாவது வெளியே போக வேண்டும் என்று துடிக்கிறார்கள். செவிலியர் உதவியாளர் வகுப்பை நீங்கள் ஆகஸ்டிலும் ரத்து செய்தீர்கள். முதியோர் இல்லத்தில் ஆள் இல்லாமல் சமையல்காரி மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள்.

கிறிஸ்துமஸுக்காவது வா.

மைலோ


ஹால்ஸ்டெட்
டிசம்பர் 10

மைலோ,

வெப்பமானி போதும். உன் ஆறாம் வகுப்பில் நான் சேரவில்லை.

விதி எளிது. வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது பத்துப் பெயர் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்து. ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? வெறும் மூன்று பேருக்கு நடத்தி, கட்டடத்துக்குச் சூடேற்றி, விளக்குப் போட்டு, ஆசிரியருக்குச் சம்பளமும் கொடுத்தால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? செவிலியர் உதவியாளர் வகுப்புக்கு ஆகஸ்டில் வந்தவை இரண்டு பெயர். ஜனவரி வகுப்புக்கு இதுவரை ஒன்றுகூட இல்லை. இதற்கு நான் என்ன செய்ய? ஆலை வாசலில் நின்று ஆளைக் கூப்பிடவா?

இங்கே நான் படும் பாடு உனக்குத் தெரியாது. கல்லூரிப் பெயரிலிருந்து 'சமுதாய' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்று கேலார்ட் மூன்று கூட்டமாகப் பேசுகிறார். அது இருப்பதால் நம்மை மட்டமாக நினைக்கிறார்களாம். ஆசிரியர் சங்கத்துக்கு வாகனம் நிறுத்த நிழலான இடம் வேண்டும். பற்றவைப்புப் பட்டறையில் புகை வெளியேறும் விசிறி நின்றுவிட்டது. அதற்கு விண்ணப்பிக்கும் படிவம், விசிறி ஓடும் பட்டறைகளுக்கு மட்டுமானது. நேற்று படிவம் அனுப்பும் மாநில அலுவலகத்தோடு ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் அந்த ஆள், "அப்போ விசிறிய ஓட வெச்சுட்டு விண்ணப்பிங்க மேடம்" என்றான்.

பத்துப் பெயர் மைலோ. பத்து வந்தால் வகுப்பு நடக்கும். நான் ஒன்றும் அரக்கியில்லை.

லியோனா


கார்வெல்
ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

பத்தா கேட்டாய்? பதினாறு கொடுத்திருக்கிறேன். செவிலியர் உதவியாளர் வகுப்பில் பதினாறு இருக்கைதான் என்பதால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். உன் கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பே எல்லாப் பெயரும் பதிவாகிவிட்டன. ரத்து செய்ய முடியாது.

எப்படி என்று கேட்கிறாயா? அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு உங்கள் கல்லூரியில் கட்டணம் கிடையாதே. அது ஒருவருக்கும் தெரியவில்லை. மெதடிஸ்ட் தேவாலயத்தில் அறிவித்தேன். தானியக் கிடங்கில் காலையில் காபி குடிக்க உட்காரும் கூட்டத்திடம் சொன்னேன். முடிவெட்டும் எல்ராய் சேர்ந்தார். எண்பத்தொரு வயது ஆர்டித் நோவாட்னி தன் சீட்டாட்டக் குழுவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு மட்டும் அறுபத்திரண்டு என்பதால் பணம் கட்டிச் சேர்ந்தேன். அதற்கும் சேர்த்துத்தான் எல்லாரும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

நேற்று முதல் வகுப்பு. ஆசிரியை ட்வைலா உள்ளே வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு வெளியே போய் அறை எண்ணைச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

இனி கார்வெலில் ஆளில்லை என்று மார்ச்சில் சொல்ல மாட்டாய்தானே?

மைலோ


ஹால்ஸ்டெட்
ஜனவரி 11

மைலோ,

நீ என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா?

ஒன்று, இலவசமாக வந்த பதினைந்து பேரால் கல்லூரிக்கு ஒரு டாலர் வரவில்லை. போகட்டும். இரண்டாவதைக் கேள்.

இன்று காலை என் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஹோடான் வார்சமே. சோமாலியாவிலிருந்து வந்து உங்கள் ஆலையில் ஆறு வருடமாக எலும்பு நீக்கும் வரிசையில் நிற்கிறாள். இரவு வேலை முடித்து, தூங்காமல், பனியில் ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். என் உதவியாளர் அவளிடமும் "கூட்டத்துல இருக்காங்க" என்றிருக்கிறாள். அவள் நகரவில்லை.

"மேடம், அந்த வகுப்புக்கு முழுக் கட்டணமும் கையில கொண்டுபோனேன். எடமில்லைன்னுட்டாங்க" என்றாள்.

"அடுத்த பருவத்துல பாக்கலாமே" என்றேன். இதைத்தான் எல்லாரிடமும் சொல்வேன்.

"யாருதான் படிக்கறாங்கன்னு சன்னல்ல எட்டிப் பாத்தேன் மேடம். எல்லாம் தாத்தா பாட்டி. அவங்களப் பாத்துக்கறதுக்குத்தானே நான் படிக்க வந்தேன்?"

'அவர்களைச் சேர்த்தது என் தம்பி, பாட்டிகளில் ஒருத்தி சீட்டாட்டக் குழுத் தலைவி' என்றா சொல்ல முடியும்?

இடத்தை விட்டுக்கொடுக்க இந்தப் பருவத்தில் கடைசி நாள் பதினெட்டாம் தேதி. அதற்குள் உன் ஆட்களைக் கிளப்பு. ஹோடானுக்குப் பின்னால் இன்னும் சிலர் நிற்கிறார்களாம். நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிற மனிதர்களைப் போல எனக்குத் தலைவலி கொடுப்பவர்கள் வேறு யாரும் இல்லை. ஆட்சிக்குழுகூட இல்லை.

லியோனா


கார்வெல்
ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். அடுத்த வகுப்பில் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். சேர்ப்பது எளிதாக இருந்தது. கிளப்புவதுதான் பெரும்பாடு.

"நான் எதுக்குப் போகணும்? இன்னிக்குத்தான் நாடி பாக்கவே கத்துக்கிட்டேன். எல்ராய்க்கு நூத்துப் பத்து ஓடுது, இந்த நிலைமையில அவன விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்றார் ஆர்டித்.

"கட்டை விரல வெச்சுப் பாத்தா உன் நாடிதான் உனக்குத் தெரியும்னு டீச்சர் இப்பத்தானே சொன்னாங்க? நூத்துப் பத்து உனக்குத்தான்" என்றார் எல்ராய்.

"அப்போ நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். வீட்டுக்குப் போக மாட்டேன்."

ட்வைலா பொம்மை நோயாளியின் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கடைசியில் ஆர்டித் ஒரு நிபந்தனை போட்டார். "காலி நாற்காலிக்கெல்லாம் நான் எழுந்திருக்க மாட்டேன். உக்கார ஆளு வரட்டும், எழுந்துக்கறேன்."

அப்படியே நடந்தது. புதன்கிழமை ஹோடான் வந்தாள். எல்ராய் எழுந்தார். அவளுக்குப் பின்னால் குவாத்தமாலாக்காரப் பெண்கள் மூன்று பேர், ஒரு இளைஞன், ஆலைச் சீருடையோடு வந்தார்கள். வர வர எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். நானும் எழுந்துவிட்டேன். பதினெட்டாம் தேதி மாலை மிச்சமிருந்தது ஆர்டித் மட்டும்தான். அவருக்கும் ஆள் வந்துவிட்டது. தான் உட்காரக் கொண்டுவந்திருந்த குட்டி மெத்தையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, "இது கடுசான நாற்காலிம்மா, வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஹோடானிடம் கேட்டேன், "இவ்வளவு பேரு இருக்கீங்களே, டிசம்பர்லயே பேரு குடுத்திருக்கலாமே?"

அவள் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அடுத்த மாச ஷிப்ட் என்னன்னு ஆலையில கடைசி வாரம்தான் சார் ஒட்டுவாங்க. பகலா ராத்திரியான்னு தெரியாம எப்படிப் பேரு குடுக்கறது? தெரிஞ்சதும் ஓடி வருவோம். வந்தா கதவுல 'ரத்து'ன்னு காகிதம் ஒட்டியிருக்கும். நான் மட்டுமே மூணு தடவ பாத்திருக்கேன்."

அக்கா, இந்த முறை அவர்கள் வந்தபோது வகுப்பு ஒன்று நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கிழவர்கள் அதைப் பிடித்து வைத்திருந்தோம். வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. இதற்கு நான் உதாரணம் எதுவும் சொல்லப்போவதில்லை.

மைலோ


ஹால்ஸ்டெட்
மார்ச் 21

மைலோ,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. நீ விட்ட தொலைபேசித் தகவல்கள் எல்லாம் வந்தன. ஐந்தாவதில் பாடியிருக்க வேண்டாம்.

உன் கடிதம் வந்த மறுநாளே கார்வெல் கிளைக்குப் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. முன் மேசையில் இருக்கும் பெண்ணிடம் கேட்டேன், "வகுப்பு ரத்தான பிறகு கேட்டு வர்றவங்க எத்தனை பேரு?"

"வருவாங்க மேடம். நெறைய."

"கணக்கு இருக்கா?"

"இல்லாத வகுப்புக்கு யாரு மேடம் கணக்கு வெப்பாங்க?"

அவள் சொன்னதில் தவறு இல்லை. அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஆட்சிக்குழுவிடம் போவதா, வேண்டாமா என்று பிப்ரவரி முழுக்க எனக்குள் சண்டை. நீ ஒரு கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நான் அடுத்த நாளும் அதே ஏழு பேர் முகத்தில் விழிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பரிந்துரையைத் திரும்பப் பெற்றேன். கிளை இருக்கட்டும், கார்வெலுக்கு மட்டும் இரண்டு வாரக் கெடுவை எடுத்துவிடுங்கள், முதல் வகுப்பு நாள் வரை பெயர் வாங்குவோம் என்றேன்.

கேலார்ட் கண்ணாடியைக் கழற்றினார். "நவம்பர்ல மூடணும்னீங்க. இப்ப வேணாங்கறீங்க. தம்பி வந்து பேசினா மாத்திக்குவீங்களா?"

"தம்பிக்காக இல்ல. கார்வெல்ல பேரு வரலைன்னு உங்ககிட்ட சொன்னேன். பேரு வர்றதுக்கு முன்னாடியே நாம கதவச் சாத்திட்டிருக்கோம்."

"அப்போ எட்டு வருஷமா நீங்க என்ன பாத்துட்டிருந்தீங்க?"

"நீங்க பாத்த அதே அறிக்கையத்தான்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

நான்குக்கு மூன்று வாக்கு. கிளைக்கு ஒரு வருடம் கிடைத்திருக்கிறது. கெடுவும் போயிற்று. பிறகு கதவை மூடிக்கொண்டு என் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், ஒழுங்கு நடவடிக்கைக்கு வந்த மாணவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். 'புதிய பார்வையுள்ள தலைமையைத் தேட' முடிவு செய்திருக்கிறார்களாம். ஜூன் முப்பதோடு எனக்கு முடிகிறது. கேலார்ட் வெளியே வந்து கை கொடுத்தார். "தனிப்பட்ட விரோதம் ஒண்ணுமில்ல லியோனா" என்றார். "எனக்கு இருக்கு" என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மையான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கேள், மைலோ. மனு எழுதாதே. கையெழுத்து வாங்காதே. பத்திரிகைக்கு எதுவும் அனுப்பாதே. யாரும் எனக்காக நிதி திரட்டக் கேக் சுட்டு விற்க வேண்டாம். புரிகிறதா?

லியோனா


கார்வெல்
மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பத்திரிகையில் செய்தி வந்ததும் மனு சனிக்கிழமையே தொடங்கிவிட்டது. நான் இல்லை, ஆர்டித். அவர் மட்டும் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஒன்று கல்யாணத்துக்கு முந்தைய பெயரில். நிறுத்தச் சொல்லிவிட்டேன். "உங்கக்காவுக்கு எப்பவுமே அடுத்தவங்க உதவி ஆகாது" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் கிளையைத்தான் காப்பாற்ற நினைத்தேன். உன்னை இறக்கிவிட அல்ல. மார்ச்சில் இரண்டும் ஒரே நாளில் வருகிறது என்று நீ நவம்பரிலேயே எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தேன். படித்துவிட்டும், அக்கா எப்படியும் சமாளித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். சின்ன வயதிலிருந்து உன் விஷயத்தில் எனக்கு அந்தப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை வா. மிளகாய் பீன்ஸ் குழம்பும் லவங்கப்பட்டை ரொட்டியும் செய்கிறேன். கல்லூரியைப் பற்றிப் பேச மாட்டேன். உதாரணமும் சொல்ல மாட்டேன்.

மைலோ


ஹால்ஸ்டெட்
ஜூன் 5

மைலோ,

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கொடுத்தனுப்பிய ரொட்டிப் பாத்திரத்தை உன் வீட்டுப் பின்வாசலில் வைத்திருக்கிறேன். நேற்று உன் ஊரில்தான் இருந்தேன். நீ மீன் பிடிக்கப் போயிருந்தாய். இருக்க வேண்டிய நேரத்தில் ஒருநாளாவது இருந்திருக்கிறாயா?

கோடைப் பருவத்துச் செவிலியர் உதவியாளர் வகுப்பு நேற்று மாலை தொடங்க வேண்டும். காலையில் ட்வைலா கூப்பிட்டார்.

"நாலு பேருதான் மேடம். 'ரத்து' காகிதம் எடுத்து வெச்சிருக்கேன். பழக்கதோஷம்."

"ஒட்டாதீங்க. நான் வர்றேன்."

"நீங்க எதுக்கு மேடம் வரணும்?"

எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. விதியை மாற்றச் சொன்னவள் நான். அது பொய்யாகிவிட்டால் கேலார்ட் ஜூலையிலேயே பூட்டோடு வருவார். அப்போது தடுக்க நானும் இருக்க மாட்டேன். வண்டியை எடுத்தேன்.

ஆறு மணிக்கு நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி தப்பான அறைக்கு வந்தவள். ட்வைலா என்னைப் பார்த்தார். நான் கரும்பலகையைப் பார்த்தேன். "ஆரம்பிங்க" என்றேன். மூன்று பேருக்குக் கைகழுவும் முறையைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். நான் வாசலில் நின்று எரிச்சலோடு வண்டி நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்மேல் எரிச்சல், ஆலைமேல் எரிச்சல். எல்லாவற்றையும்விட, ஊருக்கெல்லாம் கேட்கும்படி ஒரு வார்த்தையை விட்டுவிட்டு இப்படி நிற்கிற என்மேல் எரிச்சல்.

பகல் ஷிப்ட் விட்டது. முதலில் ஒரு பழைய வேன் வந்தது. அதிலிருந்து இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள். வேனை ஓட்டி வந்தது ஹோடான். அவள் தேர்ச்சி பெற்று இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஆலை வரிசையில் தனக்குப் பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். ட்வைலா நாற்காலி போதாமல் பக்கத்து அறைக்கு ஓடினார்.

கடைசியாக இறங்கியவள் நடுத்தர வயதுக்காரி. என்னைத் தாண்டிப் போனவள் நின்றாள்.

"நீங்க இங்க டீச்சரா?"

"இல்ல. இந்தக் கல்லூரியோட தலைவர். இந்த மாசம் முடியற வரைக்கும்."

"அப்புறம்?"

"தெரியல. பாக்கணும்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நிஜமாகவே கவலைப்பட்டாள் மைலோ, அதுதான் தாங்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்போ நீங்களும் உள்ள வந்து உக்காருங்க. இந்தப் படிப்பு முடிச்சா வேலை நிச்சயம்ங்கறாங்க. வயசெல்லாம் பாக்க மாட்டாங்களாம்" என்றாள்.

சிரிக்காதே. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

உள்ளே போய் உட்கார்ந்தேன், இடம் பிடித்துக் கொடுத்துவிட்டாளே, எப்படி மறுப்பது? கைகழுவும் முறையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். பெயர் மட்டும் கொடுக்கவில்லை. எனக்கு இன்னும் அறுபத்தைந்து ஆகவில்லை. பணம் கட்ட வேண்டியிருக்கும்.

லியோனா